பின்வளவில் ஒரு கவ்வாத்து

1

நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்து மூன்று வருடம் முடிந்த அன்று என் வீட்டு வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. அதில் தொட்டிகளில் வைத்த நாற்பது தேயிலைச் செடிகள் இருந்தன.

இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கமிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு செய்தியா என்று இருக்கும். கதவைத் திறந்தால் மலை மலையாகத் தேயிலை நிற்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். நானோ தேயிலையை இனிக் கண்ணால் பார்க்கக் கூடாது என்றே விமானம் ஏறியவன். லண்டனிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம் தள்ளி ஒரு சின்ன நகரத்தில் வீடு வாங்கினேன். மழையும் குளிரும் மட்டும் நுவரெலியா மாதிரி, மற்ற எதுவும் அப்படியில்லை. பின்வளவில் புல்லைத் தவிர எதையும் வளர்க்காமல் நிம்மதியாக இருந்தேன். தேநீர்கூடக் குடிப்பதில்லை, கோப்பிதான். அப்படிப்பட்டவனைத் தேடிக்கொண்டு தேயிலை லொறி பிடித்து வந்திருக்கிறது.

லொறியிலிருந்து குதித்து இறங்கியவள் என் மகள் மயூரி. முப்பது வயது. வீடுகளுக்குத் தோட்டம் வடிவமைத்துக் கொடுப்பது அவளுடைய தொழில்.

"நடுற இடம் சரியாகுமட்டும் ஆறு கிழமைக்கு இஞ்சை நிக்கட்டும் அப்பா. உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. தண்ணி மட்டும் விட்டாக் காணும்" என்றாள்.

அவள் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். என் மனைவி வசந்தி கோண்டாவில்காரி, மகளுக்கு அம்மாவின் தமிழ்தான் வந்தது. என்னுடைய தமிழ் அவளிடம் ஒட்டவேயில்லை. அதற்குக் காரணம் நான்தான். அதைச் சொல்லத் தொடங்கினால் என் வண்டவாளம் முழுக்க வெளியே வரும். வரத்தான் போகிறது.

2

தோட்டம் வடிவமைக்க ஒரு படிப்பு இருக்கிறது என்பது அவள் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். எங்களூரில் அந்த வேலையைச் செய்தவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். காட்டை மொட்டையடித்துவிட்டுத் தேயிலை வைத்தார்கள், வடிவமைப்பு முடிந்தது.

இப்போது இங்கே எது நாகரிகம் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். முதலாவது, புல்லை வெட்டக் கூடாது. முழங்கால்வரை வளரவிட்டு நடுவில் ஒற்றையடிப் பாதை விடவேண்டும். இரண்டாவது, உக்கிப்போன கட்டைகளை மூலையில் அடுக்கிவைக்க வேண்டும். அது பூச்சிகள் தங்கிப்போகும் விடுதியாம். மூன்றாவது, கூரைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடிக்க வேண்டும். பூச்செடிக்கு நடுவிலேயே போஞ்சிக் கொடி, முட்டைக்கோவா என்று மரக்கறியும் நிற்க வேண்டும். படிக்கட்டுக்குப் பழைய ரயில் பாதைச் சிலிப்பர் கட்டை போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, செடி வைக்கிற இரும்புத் தொட்டி நன்றாகத் துருப்பிடித்திருக்க வேண்டும். புது இரும்பை மருந்தடித்துத் துருப்பிடிக்க வைத்துத் தருகிறார்கள். அதற்குத் தனி விலை.

மயூரி இதையெல்லாம் படத்தோடு விளக்கியபோது எனக்குத் தலை சுற்றியது. எங்கள் லயத்தில், தொழிலாளர்களுக்கென்று தோட்டம் கட்டிய அந்த வரிசை வீடுகளில், இதில் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தது. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால் இருந்த நாலு முழ இடத்தில் போஞ்சியும் டேலியாவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. கூரைத் தண்ணீர் பீப்பாவில் விழுந்தது. ரயில் பாதை ஓரத்தில் கிடந்த சிலிப்பர் கட்டை எங்கள் வீட்டுப் படிக்கட்டாக இருந்தது, அது எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. தகரம் துருப்பிடித்து ஒழுகுகிறது, மாற்றித் தாருங்கள் என்று மூன்று வருடம் தோட்டத்து ஒபீசுக்கு நடந்தோம். நாகரிகத்தின் உச்சியில் இருந்துகொண்டு அதை வறுமை என்று நினைத்திருக்கிறோம்.

என் முன்வளவுப் புல்லையும் மயூரி போன வருடம் வளரவிட்டாள். இரண்டாம் மாதம் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. இந்த வீட்டில் ஆள் குடியிருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். குடியிருக்கிறோம் என்று பதில் எழுதினேன். அப்படியானால் புல் ஏன் வளர்ந்திருக்கிறது என்று இன்னொரு கடிதம். வேண்டுமென்றே வளர்க்கிறோம் என்றால் அதற்குத் தனிப் படிவம். கடைசியில் மயூரி ஒரு சின்னப் பலகை செய்து நட்டுவைத்தாள். "இது திட்டமிட்டு வளர்க்கப்படும் புல்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அத்தோடு பிரச்சினை தீர்ந்தது. எங்கள் தோட்டத்தில் மலையில் இவ்வளவு புல் நின்றிருந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழுந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், முழு நாள் வேலை செய்தவனுக்கு வேலை போதாது என்று அரை நாள் மட்டும் பதிவதுதான் அரைப்பேர். ஒரு பலகையால் தப்பலாம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

3

தேயிலைச் செடிகளைக் கேட்டவர் பமெலா என்ற பெண்மணி. ஓய்வுபெற்ற பல் வைத்தியர். எங்கள் பக்கம் சுற்றுலா போய், விடுதியாக மாற்றிய ஒரு பழைய துரை பங்களாவில் நாலு நாள் தங்கியிருக்கிறார். திரும்பி வந்ததிலிருந்து அதே மாதிரித் தோட்டம் வேண்டும் என்று ஒரே பிடி. புல்வெளி, பிரம்பு நாற்காலி, ரோஜா, சரிவில் இறங்கும் நாற்பது தேயிலைச் செடி. ஜூன் தொடக்கத்தில் நண்பர்களை அழைத்து விருந்தும் வைக்கப்போகிறார்.

மயூரி பெரிய நிறுவனத்து வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொடங்கிய பிறகு கிடைத்த முதல் வேலை இது.

"இது சரிவந்தா அங்கை வாற ஆக்களைப் பாத்து அடுத்த வேலையள் வரும். சரிவரேல்லையெண்டா நான் திரும்பப் பழைய இடத்திலை போய்க் கதவு தட்டோணும்" என்றாள்.

பமெலாவிடம் இன்னும் இரண்டு பெரிய நிறுவனங்கள் திட்டம் கொடுத்திருந்தன. அவர் மயூரியைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம், அவள் எழுதிக்கொடுத்த ஒரு பந்தி. "என் தந்தையின் தந்தை தேயிலைத் தோட்டத்தில் அதிகாரியாக இருந்தவர். என் தந்தை பங்களாத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவர்."

இதில் அதிகாரியும் பொய், பங்களாவும் பொய். இரண்டையும் அவளுக்குச் சொன்னவன் நான்.

வந்த புதிதில் ஏழெட்டுப் பேர் ஒரே வீட்டில் தங்கியிருந்தோம். நான் ஒருவன்தான் மலையகம், மற்றவர்கள் எல்லாரும் வடக்கு. முதல்நாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் பேச்சைக் கேட்டுவிட்டு ஒருவர், "தோட்டக்காட்டானோ?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. மற்றவர் என் பக்கம் திரும்பி, "அப்பா என்ன செய்யிறவர்?" என்றார். என் வாய் தன்பாட்டில், "கண்டாக்குங்க" என்றது. கண்டாக்கு என்றால் மலையில் தொழிலாளர்களை மேய்க்கிற அதிகாரி. தனிக் குவாட்டர்ஸ், மழைக்கோட்டு, கையில் தடி. கேட்டவருக்கு அது தெரியாது. எந்த ரூட்டிலே ஓடுகிற பஸ் என்று கேட்டார். விளக்கம் சொல்லப்போய் ஒரு சமையலறை, இரண்டு அறை, முற்றத்தில் ரோஜா என்று அளந்துவிட்டேன். அந்த ரோஜா பிறகு பெண் பார்க்கப் போகும்போதும் கூடவே வந்தது. மயூரி பிறந்த பிறகு அவளுக்கும் பூத்தது.

உண்மையில் என் அப்பா மலையில் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டியவர். நாற்பது வயதுவரை எந்த நாடும் தன் பிரஜை என்று ஒத்துக்கொள்ளாத மனிதர். அம்மா கொழுந்து பறித்தவர். நான் படிப்பை விட்டு மூன்று வருடம் கவ்வாத்து வெட்டினேன். தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்குக் குச்சி குச்சியாக வெட்டிவிடுவார்கள், திரும்பவும் புதிதாகத் துளிர்க்கட்டும் என்று. அதுதான் கவ்வாத்து. நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று ஒபீசில் செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டை விரித்து என் பேரைச் சிவப்பு மையால் வெட்டினார்கள். என்னைவிடச் சந்தோசமாக அன்றைக்கு யாரும் கொட்டகலை ஸ்டேசனில் நின்றிருக்க மாட்டார்கள்.

பங்களாப் புல்வெளியைப் பற்றி மயூரி குடைந்து குடைந்து கேட்டபோது நான் திணறவேயில்லை. விளிம்பு கயிறு பிடித்த மாதிரி நேராக இருக்கும், வேலி இடுப்பளவு இருக்கும் என்று அங்குலக் கணக்கில் சொன்னேன். விளிம்பும் வேலியும் எனக்கு அத்துப்படி, கவ்வாத்து இல்லாத மாதங்களில் அவற்றை வெட்டினவன் நான்தானே. நடுவில் எப்படி இருக்கும் என்றுதான் தெரியாது. அங்கே கால் வைத்ததில்லை.

4

மார்ச் மாதம், கல் பார்த்து வாங்குவதற்காக மயூரி பத்து நாள் வடக்கே போனாள்.

"தண்ணி விடுங்கோ. நீட்டிக்கொண்டு நிக்கிறதை மட்டும் நுனியிலை கொஞ்சம் தட்டிவிடுங்கோ. வேறை ஒண்டும் செய்யாதைங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இதை நான் மறைக்கவில்லை.

வசந்தி வேலைக்குப் போன ஒரு காலை நேரம், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முதல் செடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு நுனியைத் தட்டினேன். பிறகு பார்த்தால் பக்கத்துச் செடி அரை அடி உயரமாக நிற்கிறது. அதைத் தட்டினேன். இப்போது மூன்றாவது தூக்கலாகத் தெரிந்தது. சமமாக இருக்கட்டுமே என்று கூட்டுகிற தும்புத்தடிக் கம்பைக் கொண்டுவந்து செடிகளின் மேல் கிடையாக வைத்தேன். மலையில் மட்டம் பார்க்க இப்படித்தான் கம்பு வைப்போம். கம்பை வைத்த அந்த நிமிடம் எனக்கு விளங்கியிருக்க வேண்டும், இனி இது நல்லபடியாக முடியாது என்று.

குனிந்து செடிக்குள் பார்த்தேன். உள்ளே காய்ந்த குச்சி, பாசி, ஒன்றோடொன்று உரசும் வாதுகள். வெளியே பச்சைப்பசேலென்று ஏமாற்றிக்கொண்டு உள்ளே கவ்வாத்துக்குக் காத்திருந்த செடி. கை அரித்தது. கத்தரிக்கோல் பட்டையை நசுக்கியதால் அதை எறிந்துவிட்டு, மரக்கறிக் கத்தியில் பெரியதை எடுத்துப் படிக்கல்லில் தீட்டினேன். சாய்வெட்டு, ஒரே இழுப்பு, பட்டை கிழியக் கூடாது. கங்காணி பக்கத்தில் நின்று கத்துகிற மாதிரியே இருந்தது. என் வயதை, முதுகுவலியை, மகளை, பமெலாவை, எல்லாவற்றையும் மறந்துபோனேன். பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு சந்தோசமாக இருந்தது. இந்த நாட்டில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன், ஒன்றிலும் என் கை இப்படித் தன்பாட்டில் போனதில்லை.

பதினொரு மணிக்கு நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். நாற்பது தொட்டி. நாற்பதிலும் முழங்கால் உயரத்துக்கு மொட்டைக் குச்சிகள். ஓர் இலை கிடையாது.

அவசரமாக என் தங்கை ராசாத்தியைக் கூப்பிட்டேன். நான் பிறந்த அதே தோட்டத்தில் இன்னமும் கொழுந்து பறிக்கிறாள். அங்கே மாலை நேரம், மலையிலிருந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். கைபேசியைத் தொட்டிகளின் பக்கம் திருப்பிக் காட்டினேன். முதலில் சிரித்தாள். பிறகு கிட்டக் கொண்டுபோகச் சொன்னாள்.

"வெட்டு நல்லாத்தான் இருக்கு அண்ணே. மூச்சுக்குக் கெள விட்டியா?"

செடிக்கு ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் விடுவார்கள், மற்றவை துளிர்க்கும்வரை செடி உயிர் பிடித்திருக்க. அதை நான் மறந்துவிட்டேன்.

"ஒன்னுலயும் விடலம்மா."

"அங்க குளிரு வேற. சரி, வெட்டுன மிலாற எடுத்து மேல மூடு. கும்புடுற சாமிய கும்புட்டுக்க. யாரு வேலைக்குண்ணே இப்புடி வெட்டுன?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

"வயசானா புத்தி இப்புடித்தான் போகும் போல" என்று வைத்துவிட்டாள்.

வெட்டி விழுந்த குச்சிகளைத்தான் மிலாறு என்போம். எங்கள் அடுப்புகள் எல்லாம் அதில்தான் எரிந்தன. நான் அதை நகரசபையின் பச்சைத் தொட்டிக்குள் அழகாக அடைத்து மூடியையும் சாத்தியிருந்தேன். திரும்பத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

5

மயூரி வந்தபோது என்ன சொல்வது என்று பத்து நாளாக யோசித்து ஒரு கதை தயார் செய்திருந்தேன். பனி கருக்கிவிட்டது. எங்களூரில் தை மாசத்துப் பனியில் தேயிலை கருகுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம், நம்பக்கூடிய கதைதான்.

அவள் மிலாறை விலக்கினாள். தன் அளவு நாடாவை எடுத்து முதல் செடியை அளந்தாள், கடைசிச் செடியை அளந்தாள்.

"பனியிட்டை அளவுகோல் இருந்ததோ அப்பா?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

தோட்டத்தில் இருப்பவர்களில் அவளுக்குத் தெரிந்தது ராசாத்தி மட்டும்தான், அவள் கொழுந்து பறிப்பதை நான் சொன்னதில்லை. அங்கேயே நின்று அவளைக் கைபேசியில் கூப்பிட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள். "மாமி, அப்பா எல்லாத்தையும் வெட்டிப்போட்டார். செடியள் செத்துப்போகுமோ?" என்று கேட்கும்போதே அழுதுவிட்டாள்.

ராசாத்திக்கு மருமகள் அழுவது தாங்கவில்லை.

"பயப்படாத கண்ணு. உங்கப்பா வெட்டுனா சாவாது. கவ்வாத்து மலையில மூனு வருசம் நின்ன ஆளு அவரு. கங்காணியே இவரு வெட்டத்தான் மத்தவங்களுக்குக் காட்டுவாரு."

மயூரிக்குக் கவ்வாத்து என்ற சொல் தெரியாது. மலை தெரியும், கங்காணி தெரியும்.

"அப்பா மலையிலை வேலை செய்தவரோ? அப்பப்பா கண்டாக்கெல்லோ?"

"யாரு கண்டாக்கு?" என்றாள் ராசாத்தி. உடனே ஏதோ விளங்கி, "கண்ணு, அடுப்புல சோறு இருக்கு" என்று வைத்துவிட்டாள். அவ்வளவுதான், முப்பத்து மூன்று வருடக் குட்டு அரை நிமிடத்தில் உடைந்தது.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அதுதான் நீங்கள் எப்பவும் புல்லின்ரை கரையைப் பற்றியே சொன்னனீங்கள்" என்றாள். "செடி போனாப் போகட்டும் அப்பா. உங்கடை பொய்யை நான் என்ரை கையெழுத்துப் போட்டு அந்த மனுசியிட்டைக் குடுத்திருக்கிறன். பள்ளிக்கூடத்திலை குடும்ப மரம் கீறச் சொன்னபோதும் அதைத்தானே கீறினனான்."

அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். அவள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

6

இனி வசந்தியிடம் எப்படிச் சொல்வது என்ற பயம். என் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். அதில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் "தோட்டத் தொழிலாளி" என்று இருக்கும். எழுதிய பதிவாளர் சிங்களவர், என் பேரில் இரண்டு எழுத்தை விழுங்கியிருந்தார். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தபோது அந்த இரண்டு எழுத்தால் ஒன்றரை வருடம் இழுபட்டேன். பேரை எவ்வளவு பிழையாக எழுதிய மனிதர், தொழிலை மட்டும் ஏன் சரியாக எழுதித் தொலைத்தார் என்று அவரை நான் திட்டாத நாளில்லை. இப்போது அந்தப் பத்திரத்தை எடுத்து மனைவியின் முன்னால் வைத்தேன். வாயால் சொல்வதைவிட அது சுலபம்.

வசந்தி கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

"இது எனக்குத் தெரியும்."

"எப்போதிருந்து?"

"பிரஜாவுரிமைக்கு ஆங்கிலத்திலை மாத்தக் குடுத்தபோது, மாத்தின ஆள் கடதாசியை வீட்டைதானே கொண்டுவந்து தந்தவர். நீங்கள் வேலைக்குப் போட்டீங்கள். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். சொல்லேல்லை. பிறகு எனக்கும் மறந்துபோச்சு."

இருபத்தைந்து வருடமாக இந்த வீட்டில் நான் ஒருவன்தான் எனக்குப் பயந்து வாழ்ந்திருக்கிறேன். வசந்தி சட்டியில் இருந்த கறியைக் கிளறிக்கொண்டே, அந்த முற்றத்து ரோஜா என்ன நிறம் என்று கேட்டாள். நான் முறைத்தேன்.

மயூரி ஒன்பது நாள் கூப்பிடவில்லை. காலையில் நான் மிலாறை விலக்கிப் பார்ப்பேன், மாலையில் மூடுவேன். குச்சிகளில் ஒன்றுமே தெரியவில்லை. செடிகள் செத்தால் அவள் தொழிலும் போகும், அதன் பிறகு அவள் இந்த வீட்டுப் படி ஏறுவாளா என்று தெரியாது.

7

பத்தாம் நாள் கூப்பிட்டாள். "சனிக்கிழமை பமெலாவிட்டைப் போறம். நீங்களும் வாங்கோ. கத்தியையும் கொண்டு வாங்கோ." கத்தி எதற்கு என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

லொறியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிய நாற்பது மொட்டைகளையும் பமெலா பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையான குரலில், "இவை இறந்துவிட்டனவா?" என்று கேட்டார்.

மயூரி ஒரு கடதாசியை எடுத்து அவரிடம் நீட்டினாள். பழைய பந்தியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தாள். அதை வாயாலும் சொன்னாள். "நான் உங்களுக்குக் கொடுத்த தகவல் பிழை. என் தந்தையின் தந்தை அதிகாரியல்ல, தொழிலாளி. இவர் என் தந்தை. தேயிலை வெட்டுவது இவருடைய வேலையாக இருந்தது. நான் சொல்லாமலே வெட்டிவிட்டார். ஆனால் எப்படி வெட்டுவது என்று தெரிந்துதான் வெட்டினார். வேண்டுமானால் நீங்கள் வேறு ஆளைப் பார்க்கலாம்."

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் என் காது சுட்டது. ஆனால் தலையைக் குனியவில்லை. அவளே நிமிர்ந்து நிற்கும்போது நான் எப்படிக் குனிவது?

பமெலா ஒரு செடியின் முன்னால் குந்தினார். பல் வைத்தியர் அல்லவா, வெட்டுவாயை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். மலையில் கண்டாக்கு ஐயா இப்படித்தான் தடவிப் பார்ப்பார், சொரசொரப்பாக இருந்தால் அரைப்பேர்.

"சுத்தமான வேலை" என்றார் பமெலா. "எப்போது முளைக்கும்?"

"இன்னும் அம்பது நாள்" என்றேன் ஆங்கிலத்தில். உண்மையில் இவ்வூர்க் குளிருக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

"விருந்துக்கு அறுபது நாள் இருக்கிறது. அதற்குள் முளைக்காவிட்டால் நான் வேறு ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும்" என்று மயூரியிடம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, தான் தங்கிய அந்தப் பங்களாவின் புல்வெளி எவ்வளவு அழகு தெரியுமா என்றார்.

"விளிம்பு மட்டும் தெரியும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. உங்கள் வீட்டு வாசலில் என்ன இருந்தது என்று கேட்டார். போஞ்சி, டேலியா, பீப்பா, சிலிப்பர் கட்டைப் படி என்று சொல்லிக்கொண்டே போனேன். மயூரி தன் வரைபடத்தை எடுத்து அதன்மேலேயே கீறத் தொடங்கினாள். புல்வெளி பாதியாகக் குறைந்தது, வாசலில் போஞ்சி ஏறியது. பிரம்பு நாற்காலிகளை மட்டும் பமெலா விட்டுக்கொடுக்கவில்லை. அவை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதாம்.

கத்தி எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. நாலு செடியில் வெட்டு கொஞ்சம் ஏறுமாறாக இருந்ததை மயூரி கவனித்திருக்கிறாள். சரிசெய்யச் சொன்னாள்.

8

செடிகள் பமெலா வீட்டிலேயே நின்றன, ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்த்தோம். போகும் வழியில் அவள் ஒவ்வொன்றாகக் கேட்பாள். பெரட்டு என்றால் என்ன? விடியற்காலையில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, பேர் கூப்பிட்டு, வேலை பிரிப்பது. பிந்தினால்? துரத்திவிடுவார்கள். பதில் போதாதென்றால் ராசாத்தியிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வாள். என்மேல் நம்பிக்கை அந்த அளவில்தான் இருந்தது, அது நியாயம்தான்.

நான் சொன்ன ஐம்பது நாளும் முடிந்தன. குச்சிகள் அப்படியே நின்றன. அன்று திரும்பி வந்து காரை விட்டு இறங்கும்போது, "நான் எதுக்கும் பழைய இடத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைக்கிறன்" என்றாள்.

ஐந்து நாள் கழித்துக் காலையில் மயூரியிடமிருந்து கைபேசியில் ஒரு படம் வந்தது. சொல் ஒன்றும் இல்லை. வெட்டுவாய்க்குக் கீழே, பட்டையைப் பிளந்துகொண்டு, அரிசி மணி அளவில் செக்கச்சிவந்த ஒரு முளை. பெரிதாக்கிப் பார்த்தேன், பக்கத்தில் இன்னொன்று. கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். தேயிலைக்காக நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

மூன்று செடி முளைக்கவில்லை. மூச்சுக்குக் கிளை விட்டிருந்தால் பிழைத்திருக்கும், அது என் பிழை. விருந்தன்று மற்ற முப்பத்தேழும் விரல் நக அளவுக்குத் துளிர்த்து நின்றன. வந்தவர்களில் ஒருவரும் தேயிலையைப் பார்க்கவில்லை. எல்லாரும் போஞ்சிக் கொடியைச் சுற்றி நின்று, இது என்ன புதுப் பாணி என்று மயூரியிடம் கேட்டார்கள். மூன்று பேர் தங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொன்னார்கள்.

போன வாரம் மயூரி தன் வேலை அட்டவணையைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை, புது வாடிக்கையாளர் வீட்டு வேலி. நாலு வருடம் தள்ளி ஒரு மார்ச் மாதத்தில், பமெலா வீட்டுக் கவ்வாத்து. ஆங்கில எழுத்தில் அந்தச் சொல்லைக் கொலை செய்திருந்தாள். இரண்டுக்கும் நேரே அப்பா என்று எழுதவில்லை. என் முழுப் பேர், என் அப்பாவின் பேரோடு சேர்த்து, இரண்டு எழுத்தும் விழுங்கப்படாமல் இருந்தது.

"பேர் பதிஞ்சாச்சு" என்றாள். அது ராசாத்தியிடம் கற்ற சொல், வேலைக்குச் சேர்த்துக்கொண்டோம் என்பதற்குத் தோட்டத்தில் சொல்வது. "ஞாயித்துக்கெழம ஆறு மணிக்குப் பெரட்டு. பிந்துனா அரைப்பேருதான். வாங்க."

முப்பது வருடத்தில் அவள் என் தமிழில் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. பகிடிக்குத்தான் பேசினாள், பேசும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஐந்தே முக்காலுக்கே போய் நின்றேன்.